பழைய ராணுவ லாரி: வாங்குவது, ஓட்டுவது, வைத்துப் பராமரிப்பது

மெயின் சுவிட்சைப் போட்டதும் கேபினுக்குள் பஸ்ஸர் கத்த ஆரம்பிக்கும். பிரேக்குக்கு உதவுகிற ஏர் டேங்கில் அழுத்தம் இல்லை, வண்டியை எடுக்காதே என்று அர்த்தம். ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் நாலைந்து சுற்று கனமாகச் சுற்றும், ஒரு சிலிண்டர் பிடிக்கும், இன்னொன்று பிடிக்கும், அப்புறம் ஆறும் சேர்ந்து பிடித்து, வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு மெல்ல ஒரு சீரான தட்டலுக்கு வந்து நிற்கும். ஏர் மீட்டர் முள் நத்தை மாதிரி ஏறும். 60 பி.எஸ்.ஐ. பக்கம் வந்ததும் பஸ்ஸர் சட்டென்று நின்றுவிடும். அந்த நொடியில் எஞ்சின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும் பாருங்கள், அதற்காகவே ஒருவர் இந்த லாரியை வாங்கலாம் என்று மனசாரச் சொல்வேன்.

என்னிடம் இருப்பது எம்35ஏ2. அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் லாரி, மூன்று ஆக்ஸிலும் இழுக்கும். இந்தக் குடும்பம் 1950இல் ரியோ கம்பெனியில் தொடங்கியது. இரண்டரை டன் என்பது காடு மேட்டில் ஏற்றக்கூடிய எடை, நல்ல ரோட்டில் 5 டன் வரை தாங்கும். வெறும் வண்டியே 6 டன்னுக்குப் பக்கம். 7.8 லிட்டர் எஞ்சின், ஆனால் திறன் 130 சொச்சம் குதிரைத்திறன்தான், அதனால் யாரையும் முந்தப்போவதில்லை. ஆனால் கீழே எழுதுவதில் பெரும்பகுதி பெட்ஃபோர்டு, யூனிமாக், ஸில் போன்ற மற்ற நாட்டு ராணுவ லாரிகளுக்கும் கூடப் பொருந்தும், ஏனென்றால் இவை எல்லாம் ஒரே எண்ணத்தில் பிறந்தவை: இருபது வயதுப் பையன் ஒருவன், கையில் ஒரு கையேடும் ஒரு ஸ்பேனர் பெட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு, சேற்றில் நின்றபடி இதைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவனால் முடிந்தது உங்களாலும் முடியும். ஒரு வண்டியை நட்டு போல்ட் வரைக்கும் முழுசாகத் தெரிந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பது சொந்தமாக வைத்திருந்தால்தான் புரியும்.

எந்த லாரி?

அழகைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உதிரி பாகம் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜிஎம்சி சிசிகேடபிள்யூ 1941 முதல் 1945 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது, அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அதற்குப் பாகம் தேடினால் கிடைக்கிறது. கொஞ்சமே தயாரான அபூர்வ மாடலை வாங்கினால் ஆக்ஸிலுக்குள் இருக்கும் ஒரு கிரவுன் பினியன் கியருக்காக இரண்டு வருஷம் வண்டி கட்டைமேல் நிற்கும்.

சின்னதாக வேண்டும் என்றால் யூனிமாக் 404 நல்ல ஆரம்பம். 1955 முதல் 1980 வரை வந்த வண்டி, 2.2 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். சக்கரத்தின் மையத்தைவிட ஆக்ஸில் உயரத்தில் இருக்கும், நடுவில் ஒரு கியர் செட் வைத்து சக்தியைக் கீழே இறக்குவார்கள், அதனால் பெரிய கல்லைக்கூட வயிற்றில் இடிக்காமல் தாண்டிப் போகும். எதிர்க்கோடியில் சோவியத் லாரியான யூரல் 375, 7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின். சத்தம் அமிர்தம், ஆனால் அது குடிக்கிற பெட்ரோலுக்கு நீங்கள் தயாரா என்று வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் போட்டுவிடுங்கள். என் லாரியே 100 கிலோமீட்டருக்கு 25 முதல் 30 லிட்டர் டீசல் கேட்கும். இந்த எஞ்சின் மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல் என்று எதைக் கொடுத்தாலும் எரிக்கும்படி செய்தது. அதை நம்பிப் பழைய எண்ணெய்களை ஊற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். இன்ஜெக்‌ஷன் பம்பு கெட்டால் அதைச் செப்பனிடத் தெரிந்த ஆள் கிடைப்பது பெரிய பாடு.

இன்னொன்று, இடம். அளவு நாடா எடுத்துக்கொண்டு போய் உங்கள் கேட்டை அளந்துவிட்டு வாருங்கள். தார்ப்பாய் போட்ட எம்35 சுமார் 9 அடி உயரம், 8 அடி அகலம், 22 அடிக்கும் மேல் நீளம். உங்கள் ஊர்ச் சட்டப்படி இந்த எடைக்கு எந்த லைசென்ஸ் வேண்டும், எந்த வகையில் பதிவு செய்யலாம், காப்பீடு யார் தருவார்கள் என்பதையும் பணம் கொடுக்கும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பதிவுக் காகிதம் இல்லாத லாரியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

பார்க்கப் போகும்போது

விற்கிறவரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார். பச்சைத் தண்ணியாக இருக்கும்போது எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் உண்மை தெரியும்.

“ரொம்பக் கம்மியா ஓடின வண்டி சார்” என்பார்கள். மயங்க வேண்டாம். ராணுவக் கிடங்கில் பதினைந்து வருஷம் அசையாமல் நின்ற லாரிக்கு ஓட்டத்தைவிட நிற்பதுதான் அதிகக் கேடு செய்திருக்கும். ரப்பர் என்று பெயர் சொல்லக்கூடிய எல்லாமே, ஹோஸ், சீல், பெல்ட், டயர், வீல் சிலிண்டர் கப், இறுகிப்போயிருக்கும். சக்கரங்களின் உள்பக்கம் குனிந்து பாருங்கள், டிரம்மின் ஓரத்தில் எண்ணெய் வழிந்திருந்தால் ஹப் சீல் போய்விட்டது, கியர் ஆயில் பிரேக் லைனிங்கில் ஊறியிருக்கும். சேஸில் துரு பார்க்கும்போது ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். வயரிங்கை யாராவது வெட்டி ஒட்டிப் புதுசாக இழுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், அது எனக்கு எஞ்சின் புகையைவிடப் பெரிய எச்சரிக்கை.

டயரின் பக்கவாட்டில் தயாரித்த தேதி இருக்கும், 2000க்குப் பிறகு வந்தவற்றில் நாலு இலக்கம், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். மூன்று இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டு டயர். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதை நம்பி ரோட்டில் ஏறாதீர்கள்.

கையேட்டைத் தேடிப் பிடியுங்கள்

வண்டி வருவதற்கு முன்னாலேயே கையேடு வந்துவிட வேண்டும். அமெரிக்க வண்டிகளுக்கு டி.எம். (டெக்னிக்கல் மேனுவல்) என்ற வரிசை உண்டு. எண்ணின் முடிவில் 10 என்றால் ஓட்டுநருக்கு, 20 என்றால் படைப்பிரிவு மெக்கானிக்குக்கு, 34 என்றால் பெரிய பட்டறைக்கு, பி (P) என்று சேர்ந்தால் பாகங்களின் பட்டியல். 10இல் முடிவதை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படியுங்கள். அந்தக் காலத்துப் படங்கள் அவ்வளவு தெளிவு, எந்தக் கை எங்கே வைக்க வேண்டும் என்பது வரைக்கும் வரைந்திருப்பார்கள். நேட்டோ நாட்டு லாரி என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்துத் தேடினால், விற்கிறவர் அது எந்த லாரிக்கு என்றே தெரியாமல் வைத்திருக்கும் சாமான்கூட உங்கள் கைக்கு வந்துசேரும்.

பிரேக், இதில் மட்டும் சமரசம் கிடையாது

எம்35ஏ2இல் ஏர் உதவியோடு வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக். ஆறு சக்கர ஸ்டேஷனுக்கும் மிதியிலிருந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் ஒன்றேதான், ஒரே சர்க்யூட். எங்கேயாவது ஒரு குழாய் விட்டது என்றால் மொத்த பிரேக்கும் போச்சு. வாங்கின முதல் மாதத்தில் எனக்கே நடந்தது. வீட்டு வாசலில் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருக்கும்போது மிதி தரை வரைக்கும் போய்விட்டது, முன்சக்கரத்தின் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. வேகம் நடைவேகம், கியர் முதல் கியர், அதனால் எஞ்சினை நிறுத்தி வண்டியையும் நிறுத்த முடிந்தது. அதே ஹோஸ் ஒரு மணி நேரம் கழித்து இறக்கத்தில் விட்டிருந்தால் என்று யோசித்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. அடுத்த நாளே ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டேன், கூடவே எல்லா வீல் சிலிண்டரையும் மாஸ்டரையும் புதுசாக்கினேன். நீங்கள் அந்த வெடிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். வாங்கியதும் முதல் செலவு அதுதான். முடிந்தால் விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து இரட்டை சர்க்யூட்டாக மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

பிரேக் ஆயில் எது என்று கண்டிப்பாகப் பாருங்கள். அமெரிக்க ராணுவம் 1980களில் சிலிகான் ஆயிலுக்கு, அதாவது டாட் 5க்கு மாறியது. அதோடு டாட் 3, டாட் 4 எதையும் கலக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக், எஞ்சின் சக்தியை முன் பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிற வகை, நிற்கிற வண்டியை நிறுத்தி வைக்க மட்டும்தான். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் கீழே படுக்கவே படுக்காதீர்கள்.

ஓட்டுவது

ஏறி உட்கார்ந்ததும் பயம் வரும். கண்ணுக்கு முன்னால் நீளமான பானெட், முகத்துக்கு நேரே நெட்டுக்குத்தான கண்ணாடி, கையில் சாப்பாட்டுத் தட்டைப் போல இரண்டு மடங்கு அகலமான ஸ்டீயரிங். பவர் ஸ்டீயரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்பப் பார்த்தால் தோள்பட்டை போய்விடும், சக்கரம் கொஞ்சமாவது உருளும்போது திருப்புங்கள், வெண்ணெயாக இருக்கும். காட்டுப்பாதையில் கட்டைவிரலை ஸ்டீயரிங் கம்பிகளுக்குள் விடாதீர்கள். முன்சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் விருட்டென்று திரும்பி விரலை உடைத்துவிடும்.

கியர் மாற்றுவதுதான் இந்த வண்டியின் பெரிய இன்பம். டபுள் கிளட்ச் பழகுங்கள். மேலே ஏற்ற, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், கிளட்சை விடுங்கள், எஞ்சின் சுற்று இறங்க ஒரு மூச்சு பொறுங்கள், மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போடுங்கள். இறக்க, அதே மாதிரிதான், ஆனால் நியூட்ரலில் கிளட்சை விட்டதும் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் சுற்றை ஏற்றிவிட்டு அப்புறம் கீழ் கியர். சரியான நொடியில் போட்டால் லிவர் தானாக உள்ளே வழுக்கிக்கொண்டு போகும், ஒரு சத்தமும் இருக்காது, உள்ளங்கையில் ஒரு சின்ன ‘டக்’ மட்டும் தெரியும். தப்பான நொடியில் போட்டால் கியர்பெட்டி கர்ரென்று கத்தும், அப்போது மல்லுக்கட்டாமல் நியூட்ரலுக்கு வந்து மறுபடி தொடங்குங்கள். என் லாரியில் மேல் கியர்களுக்கு, கியர்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்கிற சிங்க்ரோ இருக்கிறது, ஆனாலும் வயதான சிங்க்ரோவுக்கு நாம் செய்கிற உதவி இது. எனக்கு இது கைக்குப் படிய மூன்று மாதம் ஆனது. முதல் நாள் யோசித்து யோசித்துச் செய்ததை ஒரு நாள் யோசிக்காமலே கால் செய்திருக்கும், பத்து நிமிஷம் கழித்துத்தான் அது நமக்கே உறைக்கும்.

முதல் கியர் ரொம்பக் கீழ், சமதளத்தில் வெறும் வண்டிக்கு இரண்டாம் கியரிலேயே கிளம்பலாம். டேஷ்போர்டில் உலோகத் தகடு ஒன்று பதித்திருப்பார்கள், கியர் வரிசையும் எந்த கியரில் அதிகபட்ச வேகம் எவ்வளவு என்பதும் அதில் இருக்கும், அதை மீறாதீர்கள். முக்கியமாக இறக்கத்தில். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று லாரிக்காரர்கள் சொல்வது இங்கே நூற்றுக்கு நூறு பொருந்தும், பாதி இறக்கத்தில் கீழ் கியர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. எம்35 கஷ்டப்பட்டு 90 கிலோமீட்டர் வேகம் போகும். நான் 70க்கு மேல் போவதில்லை. அந்த வேகத்தில், புகைபோக்கிக் காற்றில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்கிற டர்போவின் விசில் ஒரே சுதியில் நிற்கும், வேலிக்கு மேலே தலை தெரியும் உயரத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள், காரில் போகும்போது கண்ணில் படாத வயல், ஓடை, சந்து எல்லாம் தெரியும். காதுக்குப் பஞ்சோ அடைப்பானோ வைத்துக்கொள்ளுங்கள், நீண்ட தூரத்துக்கு அது அவசியம்.

முன் ஆக்ஸிலைக் காய்ந்த தார் ரோட்டில் சேர்க்காதீர்கள். திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள்கின்றன, சேற்றில் அந்த வித்தியாசம் வழுக்கிக் கழிந்துவிடும், தாரில் கழியாமல் ஷாஃப்டிலும் கியரிலும் முறுக்காக ஏறும், ஒரு கட்டத்தில் ஏதாவது ஒன்று ஒடியும். கடும் ஏற்றத்துக்கும் சேற்றுக்குமான லோ ரேஞ்சுக்கு மாற்றும்போது வண்டி முழுசாக நிற்கட்டும். கரடுமுரடான கட்டங்கள் வைத்த அந்த ராணுவ டயர், மழை ரோட்டில் பிடிப்பு குறைவு. முன்னால் போகிற வண்டிக்கு நீங்கள் நினைப்பதைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள்.

தண்ணீரில் இறங்கினால் வீட்டுக்கு வந்ததும் ஆக்ஸில் ஆயிலைப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.

சக்கரமும் மின்சாரமும்

பழைய ராணுவ லாரிகளில் பலவற்றுக்கு லாக் ரிங், அதாவது டயரை ரிம்மில் பிடித்து வைக்கிற தனி இரும்பு வளையம், வைத்த ரிம். ரிங் சரியாக உட்காராமல் காற்றடித்தால் அது பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும், ஆள் செத்திருக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றும் முன் வால்வு முள்ளை எடுத்துக் காற்றை முழுசாக இறக்குங்கள், இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டிலும். காற்றடிப்பது இரும்புக் கூண்டுக்குள், நீள ஹோஸ் போட்டு, ஒதுங்கி நின்று. இந்த வேலையை இதில் பழகிய டயர்க்காரரிடம் விட்டுவிடுவது எனக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றவில்லை. அப்புறம் எம்35இல் இடது பக்க வீல் நட்டுகள் இடது மரை, ஸ்டட் முனையில் அடையாள எழுத்து இருக்கும். தெரியாமல் எதிர்ப்பக்கம் நீள ராடு போட்டு மிதித்தால் ஸ்டட் முறிந்துவிடும்.

மின்சாரம் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக. ரேடியோவுக்கோ போன் சார்ஜருக்கோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுக்காதீர்கள், அந்த பேட்டரி எப்போதும் பசியோடு இருக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். 24 வோல்ட்டை 12 ஆக்குகிற ஒரு கன்வர்ட்டர் வாங்கிப் போட்டால் தொல்லை தீர்ந்தது.

விளக்கு சுவிட்சில் மூன்று கைப்பிடி. மங்கலான இருட்டடிப்பு விளக்கைச் சும்மா திருப்பிப் போட்டுவிடலாம், ஹெட்லைட்டுக்கு மட்டும் ஓரத்திலுள்ள பூட்டைத் தூக்கிப் பிடித்தால்தான் திரும்பும். இரவில் எதிரிக்குப் பக்கத்தில் யாரும் தெரியாத்தனமாக ஹெட்லைட்டைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஒருமுறை ரோட்டோரம் நிறுத்தியிருந்தபோது பெரியவர் ஒருவர் வந்தார், இதே வண்டியை ஓட்டிய முன்னாள் ராணுவக்காரர். ஏறி உட்காரலாமா தம்பி என்று கேட்டார். உட்கார்ந்து முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், டேஷ்போர்டுப் பக்கம் கண்ணே போகவில்லை, இடது கை மட்டும் நேராகப் போய் அந்தப் பூட்டைத் தூக்கியது. அவர் அந்த சுவிட்சைத் தொட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கிரீஸ் நாள்

மாதம் ஒரு காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். கிராஸ் ஜாயின்ட், ஸ்பிரிங் பின், ஸ்டீயரிங் ராடு என்று கிரீஸ் ஏற்றுகிற வாய்களான நிப்பிள்கள் டஜன் கணக்கில். நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் முதலில் கறுப்பாக, மணலோடு பழைய கிரீஸ் பிதுங்கும், இன்னும் இரண்டு அழுத்து அழுத்தினால் புது கிரீஸ் அதன் நிறத்திலேயே வரும், அங்கே நிறுத்திவிடுங்கள். கிரீஸ் உள்ளே போகாத நிப்பிள்தான் நமக்குச் செய்தி சொல்வது, அதைக் கழற்றி அடைப்பை எடுக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். இப்படி ஊர்ந்து வரும்போதுதான் தளர்ந்த போல்ட்டும், கசிய ஆரம்பித்த சீலும், உரசித் தேயும் வயரும் கண்ணில் படும். என் லாரியில் நான் முன்கூட்டியே கண்டுபிடித்த கோளாறில் முக்கால்வாசி கிரீஸ் நாளில் கண்டதுதான்.

சில விஷங்களும் இருக்கின்றன. பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்மைக் கழற்றிக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடையுங்கள். போர்க்கால மீட்டர்களில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள், அவற்றைத் திறக்காதீர்கள். ராணுவப் பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள், நல்ல முகமூடி இல்லாமல் அந்தத் தூசியில் நிற்கவும் வேண்டாம். தார்ப்பாயை ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து இற்றுவிடும்.

ஓட்டி முடித்து வந்து நிறுத்தியதும் உடனே எஞ்சினை அணைக்காதீர்கள். டர்போ ஆற வேண்டும், மூன்று முதல் ஐந்து நிமிஷம் சும்மா ஓடட்டும். அதற்குள் இறங்கி ஒரு சுற்று வந்து ஒவ்வொரு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் கவனிப்புக் கேட்கிறது. அப்புறம் ஏறி நிறுத்தக் கைப்பிடியை இழுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் இந்த எஞ்சின் நிற்காது. சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்துவிட்டு ஏர் டேங்கின் வால்வைத் திறந்துவிடுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் தெறிக்கும், பிறகு காற்று மட்டும் சீறி, சீறி, ஓய்ந்துவிடும்.